சூரியகாந்தித் தண்டுல தோலுக்குக் கீழ இருக்குறது ஸ்கிளிரன்கைமா இல்ல

சூரியகாந்தித் தண்டு ஸ்லைடுல மேல்தோலுக்கு அடுத்த தடிச்ச செல் வரிசைய ஸ்கிளிரன்கைமான்னு எழுதினதுக்கு ஏன் மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே செடிக்குத் தாங்குபலம் தர்ற திசுதான், ஆனா அந்த வரிசை கோலன்கைமாதான், பேரை மாத்திப் போட்டதாலதான் மார்க் போயிருக்கும்.

சுவர் தடிப்பா தெரிஞ்சதுமே ஸ்கிளிரன்கைமான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைக்கிறேன், நெறைய பேர் பண்றதுதான். கோலன்கைமா உயிருள்ள செல், மூலைலதான் தடிப்பு அதிகம், அந்தத் தடிப்பும் செல்லுலோஸ், பெக்டின்ங்கிற வளையக்கூடிய சுவர்ப் பொருள்தான், லிக்னின் (மரத்தைக் கெட்டியாக்குற பொருள்) இல்ல, அதான் இளந்தண்டு வளைஞ்சாலும் சட்டுனு ஒடியாது. ஸ்கிளிரன்கைமா முதிர்ந்ததும் பெரும்பாலும் செத்துரும், லிக்னின் ஏறி சுத்தி சமமா தடிச்சு நடுவுல சின்ன ஓட்டைதான் மிஞ்சும்.

சஃப்ரானின் (லிக்னினைச் சிவப்பாக்குற சாயம்) போட்டு, வாஸ்குலர் கற்றை (தண்ணியும் உணவும் கடத்துற திசுத் தொகுதி) மேல தொப்பி மாதிரி இருக்குற ஸ்கிளிரன்கைமா செல்லோட ஒப்பிட்டுப் பாருங்க, தொப்பிதான் நல்லா சிவக்கும். சரியா கழுவலன்னா எல்லாமே சிவப்பாத்தான் தெரியும்.

ஆனா ஸ்லைடு மக்காச்சோளத் தண்டுன்னா கதையே வேற, அங்க அதே இடத்துல ஸ்கிளிரன்கைமாதான்.