பேனா 700 சொல்கிறது, நண்பரின் பேனா 980 சொல்கிறது

கே: மாடியில் மண்ணில்லாமல் லெட்யூஸ் வளர்க்கிறேன். உரக்கரைசலில் என் டிடிஎஸ் பேனா (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மீட்டர்) 700 பிபிஎம் காட்டுகிறது. அதே வாளியில் நண்பருடையது 980. போலியை என் தலையில் கட்டிவிட்டார்களா? (வேளச்சேரி)

ப: இல்லை, இரண்டுமே சரி. இந்தப் பேனா உப்பை எண்ணுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று, அதாவது இசி-யை, அளந்து உள்ளே இருக்கும் ஓர் எண்ணால் பெருக்குகிறது. உங்கள் கம்பெனிக்கு அந்த எண் 500, நண்பரின் கம்பெனிக்கு 700. வாளியின் இசி 1.4, மீதியை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது எங்கே என்றால், எந்த எண் என்பதைப் பல அட்டைப்பெட்டிகளில் போடுவதே இல்லை. உரம் விற்பவரோ "800 பிபிஎம் வையுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஒரு கணக்கில் அது இசி 1.6, இன்னொன்றில் 1.15கூட வராது. இலை நுனி கருகினால் செடியைத்தான் குறை சொல்வோம். இசி-யை மில்லிசீமென்ஸில் காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். லெட்யூஸுக்கு 1.2 முதல் 1.8 வரை போதும். உரம் கலக்கும் முன் வெறும் தண்ணீரையும் அளங்கள். போர் தண்ணீரே 0.9 காட்டினால் மீட்டரில் தெரிவதில் பாதிக்கு மேல் சாப்பாடு இல்லை, உப்பு. மீட்டரைச் சரிபார்க்க, இசி 1.413 உள்ள சோதனைக் கரைசல் ஒரு புட்டியும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாத மீட்டரை நம்பாதீர்கள்.

கே: ஆன்லைனில் வாங்கிய பிஎச் பேனா (புளிப்பு, காரத்தன்மையை அளப்பது) மூன்றே மாதத்தில் எதில் வைத்தாலும் 7 காட்டுகிறது. கழுவித் துடைத்து டப்பாவில்தான் வைத்திருந்தேன். (ஈரோடு)

ப: துடைத்து வைத்ததுதான் வினை. முனையில் உள்ள கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு இருக்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர் ஆகாது. அந்தக் கரைசலில் ஓர் இரவு ஊற வைத்துப் பாருங்கள், சில சமயம் பிழைக்கும். பெட்டியில் இருந்த தாளைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. எதிலும் 7 காட்டும் மீட்டர் என்னிடமும் ஒன்று உண்டு. மண்ணில் குத்தும் மூன்று-இன்-ஒன், பேட்டரியே கிடையாது. எலுமிச்சைச் சாற்றில் விட்டேன், முள் அசையவில்லை.

கே: "ஏ, பி இரண்டும் ஒரே கேனில்" என்று 5 லிட்டர் கெட்டி உரக்கரைசல் அனுப்பினார்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. குலுக்கி ஊற்றச் சொல்கிறார்கள். (திண்டுக்கல்)

ப: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். கால்சியம் நைட்ரேட்டும் சல்பேட்டும் கெட்டியாகச் சேர்ந்தால் ஜிப்சம் படியும். பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து இறங்கும். அதனால்தான் உரத்தை ஏ, பி என்று இரண்டு கேனாகப் பிரித்தே விற்கிறார்கள். குலுக்கினால் கலங்குமே தவிரக் கரையாது. கேனைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து அடிப்பக்கத்தைப் படமெடுங்கள், பில்லோடு எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கே: பாலிஹவுஸில் தானியங்கி டோசர் (பிஎச்-ஐ அளந்து, தானே ஆசிட் ஊற்றும் இயந்திரம்) வைத்தோம். ஒரே இரவில் ஆசிட் கேன் முழுவதையும் தொட்டியில் இறக்கிவிட்டது. வேர் எல்லாம் பழுப்பு. புரோப் (அளக்கும் முனை) கோளாறு, அதற்கு வாரண்டி இல்லை என்கிறது கம்பெனி. எட்டு மாதம் முன்பு பொருத்தியபோது அவர்களே கேலிபரேட் செய்தார்கள். (ஓசூர்)

ப: அதன்பிறகு ஒருமுறைகூட இல்லையா? மாதம் ஒருமுறையாவது பஃபரில், அதாவது பிஎச் தெரிந்த சோதனைக் கரைசலில், நனைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? புரோப் தேயும் பொருள், ஓரிரு வருஷம்தான் வரும். அதில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் புரோப் பொய் சொன்னால் கேன் காலியாகும் வரை ஊற்றும் இயந்திரத்தை விற்றது நியாயமில்லை. மணிக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் அலாரமும் உண்டு என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தால் விடாதீர்கள். இனி டோசர் கேனில் ஒரு நாள் ஆசிட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

கே: வீட்டில் நான்கு பைப் கீரைக்கு அதே மாதிரி டோசர் வாங்கலாமா? (மதுரை)

ப: வேண்டாம். ஒரு சிரிஞ்சும், நிற அட்டையோடு வரும் பிஎச் சொட்டு மருந்தும் போதும். கீரைக்கு 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் சரி, அதை நிறமே காட்டிவிடும்.