அம்மாவோட வேலையை வாட்ச் எண்ணுமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. ரெண்டு பேருக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் குடுத்தேன். பத்தாயிரம் ஸ்டெப்ஸ் ஆகலைன்னா அப்பா நைட்டு ஹாலுக்குள்ளயே சுத்துறார். அம்மா காலைல அஞ்சு மணில இருந்து வேலை பாக்குறாங்க, ஆனா மூவாயிரம் தாண்ட மாட்டேங்குது, அதை வெச்சு அப்பா ஒரே கிண்டல். எதைத்தான் நம்புறது?
- வாசகி, திருச்சி

பதில்: முதல்ல அப்பாவை ஹால்ல சுத்தறதை நிறுத்தச் சொல்லுமா. பத்தாயிரம்ங்கிறது டாக்டருங்க போட்ட கணக்கே இல்ல. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடக்கிற அடியை எண்ணுற, இடுப்புல மாட்டுற மெஷின் வித்துச்சு, பேரு மான்போ-கெய், 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம், அந்த நம்பர் அப்படியே ஒட்டிக்கிச்சு. 2019ல அமெரிக்காவுல சராசரி 72 வயசு பொம்பளைங்க 16,000 பேருக்கு மேல வெச்சு பாத்த ஆராய்ச்சில, ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவங்களுக்கே 2,700 அடிக்காரங்களை விட சாவு ரிஸ்க் குறைவு. 7,500க்கு மேல பெருசா வித்தியாசம் இல்ல.

அம்மா கேஸ் வேற. வாட்ச் கை அசைவை வெச்சுத்தான் அடி எண்ணுது. குடத்தை இடுக்கிட்டு நடந்தாலோ காலைத் தேய்ச்சு மெதுவா போனாலோ பாதி விட்டுடும், துணி அலசுறது, மாவு பிசையறதுல எவ்வளவு உழைப்புன்னு அடிக் கணக்குல தெரியாது. இதுக்குன்னே 1993ல பேஸ்னு ஒரு கேள்வித்தாள் வந்துச்சு, வயசானவங்களுக்கு மட்டும், போன ஏழு நாள்ல வீட்டு வேலை, தோட்ட வேலை, இன்னொருத்தரைப் பாத்துக்கிட்டது எல்லாத்துக்கும் மார்க் உண்டு. ஆனா கேட்டு வாங்குற கணக்குல ஞாபகம் காலை வாரும், கொஞ்சம் கூட்டியும் சொல்லுவாங்க (நானே வாக்கிங் போனதை அப்படித்தான் சொல்றேன்).

அதனால தினசரி காலண்டர் தாள்லயே ஒரு வாரம் குறிச்சு வைங்க. பேச முடியுது ஆனா பாட முடியல, அந்த அளவு மூச்சு வாங்குற வேலை எத்தனை நிமிஷம்னு மட்டும். அஞ்சு நிமிஷம்னாலும் கணக்குதான். வாரத்துக்கு 150 நிமிஷம் வந்தா போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதோட பேலன்ஸ், தசை பலத்துக்கான பயிற்சி மூணு நாளாவது வேணும்.

இன்னொண்ணு. சுவரோரமா கைப்பிடி இல்லாத சேர் போட்டு, கையைக் குறுக்கா கட்டிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எழுந்து உக்கார முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துல நீங்க நில்லுங்க, வலிச்சா விட்டுடணும். 70ல இருந்து 74 வயசுக்கு, பொம்பளைங்க 10க்குக் கீழ, ஆம்பளைங்க 12க்குக் கீழ போனா விழற ரிஸ்க் ஜாஸ்தி, டாக்டரைப் பாக்கணும். அப்பாவையும் உக்கார வைங்க. 12 வரட்டும், அப்புறம் கிண்டல் பண்ணட்டும்.