அடி வாங்குவது பிட்சரா, மைதானமா? பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி (குமார்): டென்வரில் கொலராடோ அணியின் வீட்டு மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) அடி வாங்குவது உயரத்தால் மட்டும்தானா?

உயரம்தான் மூலகாரணம், ஆனால் சேதம் மூன்று வழியில் வருகிறது. சுமார் 5,200 அடி உயரத்தில் காற்று லேசு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். இது எல்லோருக்கும் தெரியும். அதே காற்றில் கர்வ் பால் சரியாக வளையாது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சுழலும் பந்துக்குப் பிடிமானம் காற்றுதானே? அப்புறம், வேலியைத் தாண்டும் ஹோம் ரன்னைக் குறைக்க வேலியைத் தள்ளிப் போட்டார்கள், நடுவில் 415 அடி. அவுட்ஃபீல்டில் ஏகப்பட்ட காலி இடம். வேறு ஊரில் கையில் சிக்கும் பந்து இங்கே டபுள், டிரிபிள் (இரண்டு, மூன்று பேஸ் ஓடும் அடி) ஆகிறது. 2002 முதல் பந்துகளை ஹியூமிடார் என்ற அறையில் ஈரப்பதத்தோடு வைக்கிறார்கள். ஹோம் ரன் குறைந்தது. காலி இடம் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி (செல்வம்): உயரமெல்லாம் சாக்கு. பிட்சர் மைக் ஹாம்ப்டன் கொலராடோவில் 12.1 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்ததும் சோம்பிப் போனார்.

இன்னொரு பிட்சர் டாரில் கைலைப் பாருங்கள். அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே கர்வ் பால். 1997-ல் ஹூஸ்டனில் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக, ஃபீல்டிங் பிழையால் வராமல் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 2.57. கொலராடோவில் 1999-ல் 6.61. செயின்ட் லூயிஸுக்கு டிரேட் ஆனார், 2000-ல் 20 வெற்றி. அவரும் ஒரு வருடம் சோம்பி, மறுவருடம் திருந்தினாரா?

கேள்வி (மறுபடி செல்வம்): ஹாம்ப்டன் அட்லாண்டா போயும் பழைய ஆளாகவில்லையே?

2002-ல் கொலராடோவில் இருந்த 6.15-லிருந்து 2003-ல் 3.84-க்கு வந்தார். 1999-ன் 2.90 திரும்பவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோம்பேறி 2001-ல் மட்டை பிடித்து 7 ஹோம் ரன் அடிப்பாரா?

கேள்வி (ரேவதி): அப்படியானால் வீட்டு மைதானத்தில் சொதப்பும் பிட்சரை மலிவாக வாங்கிவிடலாமா?

இதைத்தான் வேண்டாம் என்று எப்போதும் சொல்கிறேன்: ஒரே ஒரு வருட வீட்டுக் கணக்கை நம்பி வாங்காதீர்கள், விற்காதீர்கள். யாங்கீஸ் பிட்சர் சானி கிரே 2018-ல் தன் வீடான யாங்கி ஸ்டேடியத்தில் 6.98, வெளியே 3.17. மைதானம்தான் வில்லன் என்றார்கள். மறு ஜனவரியில் சின்சினாட்டிக்கு டிரேட். அதுவும் ஹோம் ரன் பறக்கும் மைதானம்தான். அங்கே 2019-ல் 2.87! யாங்கீஸ் அவரை ஸ்லைடரை (பக்கவாட்டில் விலகும் பந்தை) அதிகம் வீசச் சொன்னது அவருக்கு ஒத்துவரவில்லை. எனவே முதலில் பிட்சர் என்ன பந்து வீசுகிறார் என்று பாருங்கள்.

கேள்வி (பாபு): கூர்ஸில் 5 ஈ.ஆர்.ஏ. உள்ளவரை எடுக்கலாமா?

ரேவதிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (ஜான்): கூர்ஸில் 5.20. எடுக்கலாமா?

பாபுவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தினேஷ்): கிரிக்கெட் பிட்சும் இப்படித்தானே?

அது மண் விவகாரம். வேறு ஆளைக் கேளுங்கள்.

கேள்வி (செல்வம்தான்): உங்கள் கணக்குப்படி கூர்ஸில் நோ-ஹிட்டரே (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம்) சாத்தியமில்லையே?

1996 செப்டம்பர் 17, ஹிடியோ நோமோ. ஹியூமிடார் வருவதற்கு முந்தைய காலம். மழையால் ஆட்டம் தாமதம், பிட்சர் நிற்கும் மேடு வழுக்கியது. அதனால் முழு வைண்ட்-அப்பை (எறியுமுன் செய்யும் நீண்ட அசைவை) விட்டுவிட்டு, அசைவு குறைந்த ஸ்ட்ரெட்ச்சிலிருந்தே எறிந்தார். அவருடைய ஆயுதம் கர்வ் பால் அல்ல, கடைசியில் கீழே இறங்கும் ஃபோர்க் பால்.