வாத்தியார் எதுக்காக வேலைக்கு வந்தார்ங்கிறது அவர் பேச்சுல தெரியுமா?

பையன் ஆண்டு 4, அவன் டீச்சர் எதுக்கெடுத்தாலும் கத்துறாங்க, வேலையில ஆர்வம் இல்லாததாலயான்னு கேட்டிருக்கீங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா நானே அப்படிக் கத்துன வாத்தியார்தான்.

2012ல டிகிரி முடிச்சிட்டு பினாங்குல வேலையில்லாம இருந்தப்போ, பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில பிரசவ லீவுல போன டீச்சருக்குப் பதிலா தற்காலிக ஆசிரியரா கூப்பிட்டாங்க. சம்பளத்துக்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கு. குடுத்தது ஆண்டு 6 கணிதம். அப்ப யூபிஎஸ்ஆர் காலம், ஆண்டு 6 முடிவுல எழுதுற அரசாங்கப் பரிட்சை அது, எத்தன பேர் 7ஏ, அதாவது ஏழு தாள்லயும் ஏ எடுப்பாங்கங்கிறதுதான் எல்லாமே, ஒவ்வொரு மீட்டிங்லயும் உங்க கிளாஸ்ல எத்தன பேர் தேறுவாங்கன்னு என்னையே பார்ப்பாங்க, அங்கேருந்து நேரா கிளாஸுக்குப் போனா வாயில வர்றதெல்லாம் "எழுதணும்", "முடிக்கணும்", "கேள்வி கேக்காத, நேரமில்ல".

ஒருநாள் முக்கால்ல மூணுல ரெண்டு பங்கு எவ்வளவுன்னு கணக்கு. ஒரு பையன் சதுரமா ரொட்டி சானாய் வரைஞ்சி, நாலா வெட்டி மூணை எடுத்து, குறுக்கால மூணா வெட்டி ரெண்டு வரிசை எடுத்து, பன்னெண்டுல ஆறு, அப்ப பாதின்னு கரெக்டா போட்டிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரிட்சையில ரொட்டி போட்டா எவன் மார்க் குடுப்பான், நான் சொன்ன மாதிரி பெருக்கு." அதுக்கப்புறம் அவன் கையத் தூக்கவே இல்ல.

ரொம்ப நாள் கழிச்சு படிச்சேன், அமெரிக்காவுல டெசி, ரயன்னு உளவியல் ஆய்வாளர்கள் எல்லாம் சேர்ந்து 1982லயே இதைச் சோதிச்சிருக்காங்க. சொல்லிக்குடுக்க வந்தவங்கள்ல ஒரு குழுகிட்ட மட்டும், மாணவன் நல்லா செய்யறது உங்க பொறுப்புன்னு சொன்னாங்களாம். அந்தக் குழுதான் அதிகம் பேசுச்சு, "செய்யணும்"ங்கிறதும் குறை சொல்றதும் அவங்ககிட்டதான் ஜாஸ்தி. படிச்சதும் அந்த மீட்டிங் ரூம்தான் ஞாபகம் வந்துச்சு.

சம்பளத்துக்கு வந்தவன் சாக்கு சொல்றான்னு சண்டைக்கு வராதீங்க. எங்க அக்கா ஆசைப்பட்டு டீச்சர் ஆனவங்க, அவங்களும் கத்துறாங்க. கத்தாம? ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்ல "டீச்சர் நாளைக்கு என்ன கலர் சட்டை"ன்னு ஒருத்தர், விடிஞ்சா ரோஜாப்பூ போட்ட "செலாமாட் பாகி" (காலை வணக்கம்) நாப்பது வரும், அந்த பெற்றோர் குரூப்பை முதல்ல இழுத்து மூடணும்லா.

சரி, உங்க விஷயம். டீச்சரைப் பார்க்கப் போனா ஏன் கத்துறீங்கன்னு ஆரம்பிக்காதீங்க, இந்த வருஷம் கிளாஸுக்கு என்ன டார்கெட் வச்சிருக்காங்கன்னு கேளுங்க. யூபிஎஸ்ஆரை 2021ல ரத்து பண்ணியாச்சு, டார்கெட் வைக்கிற பழக்கம் போகல. ஆர்வமே இல்லாத ஆளுங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல.

அந்த வருஷம் பரிட்சை முடிஞ்சதும் மிச்ச நாளுக்கு என்னை ஆண்டு 3க்கு அனுப்பினாங்க. அங்க யாரும் எண்ணிக்கை கேக்கல. நானே போர்டுல ரொட்டி வரைஞ்சி, கால்வாசி யாருக்கு வேணும்னு கேட்டா ஒரே கூச்சல், நானும் சிரிச்சிக்கிட்டிருக்கேன். வராந்தாவுல போன அந்தப் பையன் கதவுகிட்ட நின்னு போர்டைப் பார்த்தான்.

"சார், இது பரிட்சைக்கு வராதே?"