பெரிய அற்புதம் எதுவும் நடக்காதவர்கள் தேவனுடைய உண்மையை, அதாவது அவர் சொல் மாறாதவர் என்பதை, எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

கேட்டவர் யாரோ தெரியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாட்சி நேரத்தில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சொல்லும்போது, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒருவர் கனடா விசா கிடைத்ததைச் சொல்லியிருப்பார். இன்னொருவருக்கு முதல் ஸ்கேனில் இருந்த கட்டி அடுத்த ஸ்கேனில் காணாமல் போயிருக்கும். மைக் உங்கள் பக்கம் வந்ததும் "கர்த்தர் நல்லவர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தள்ளியிருப்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித் தள்ளியவள்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊழியக்காரி இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று எழுத ஒரு கூட்டம் வரும், "எல்லாம் தற்செயல்" என்று எழுத இன்னொரு கூட்டம் வரும். இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்குத் தெரிந்தது என் அம்மாவின் கணக்கு நோட்டு ஒன்றுதான், அதை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. அம்மா பீடி சுற்றினாள். அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் குழந்தை வளர்த்தார்கள். அம்மா கோடு போட்ட நோட்டில் தினமும் கணக்கு எழுதுவாள். பால் 1 லிட்டர். பீடி 900, கழித்தது 40. சீட்டுக்குக் கொடுத்தது இவ்வளவு. இந்தக் கணக்குகளுக்கு நடுவிலேயே, தனிப் பக்கம் கிடையாது, சில நாள் "ஸ்தோ." என்று போட்டு ஒரு வரி இருக்கும். ஸ்தோத்திரம் என்பதை முழுதாக எழுத அவளுக்கு நேரம் இல்லை. "ஸ்தோ. மழை. பீடி நனையவில்லை." "ஸ்தோ. பெரியவனுக்குக் காய்ச்சல் இறங்கிற்று." "ஸ்தோ. சீட்டு நமக்கு விழுந்தது." இதில் ஒன்றையாவது சாட்சி நேரத்தில் எழுந்து சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள்.

1994இல் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அந்த வருஷத்து நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. பதினொரு நாள் வரிசையாக ஸ்தோ. வருகிறது. "ஸ்தோ. கஞ்சி குடித்தார்." "ஸ்தோ. எழுந்து உட்கார்ந்தார்." "ஸ்தோ. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்." பன்னிரண்டாம் நாள் "பால் வேண்டாம்" என்று மட்டும் இருக்கிறது. அன்றைக்குத்தான் அப்பா இறந்தார்.

அதற்கு அப்புறம் இருபத்து மூன்று நாள் ஸ்தோ. கிடையாது. நான் விரல் வைத்து எண்ணியிருக்கிறேன். பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர் ஆகிறது. பீடி 900 என்பது 1200 ஆகிறது. குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை, அது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மா பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள், ஜெபத்தை அண்ணனைச் சொல்லச் சொல்லிவிட்டு அவள் பேசாமல் இருப்பாள். இருபத்து நாலாம் நாள் ஒரு வரி: "ஸ்தோ. பால்காரர் போன மாதப் பாக்கியைக் கேட்கவில்லை."

கணவர் பிழைக்கவில்லை, பால் பாக்கியைக் கேட்கவில்லை, அதற்கு ஒரு ஸ்தோத்திரமா என்று முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இன்றைக்கும் இதை விளக்கத் தெரியாது. ஆனால் அந்த இருபத்து மூன்று நாளை அம்மா பிறகு உட்கார்ந்து நிரப்பவில்லை பாருங்கள், அதனால்தான் மற்ற வரிகளை நான் நம்புகிறேன். 77ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று நேராகவே கேட்கிறான். அப்புறம்தான் கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்கிறான். அந்தக் கேள்வியை யாரும் பைபிளிலிருந்து எடுத்துவிடவில்லை.

எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டு முகப்பில் "எபெனேசர்" என்று எழுதியிருக்கும். பைபிளில் 1 சாமுவேல் 7இல், இஸ்ரவேலர் தங்கள் எதிரிகளான பெலிஸ்தரை முறியடித்த பிறகு, தீர்க்கதரிசி சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று அந்தப் பெயரை வைக்கிறார். உதவிக் கல் என்று அர்த்தம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே பெயர் மூன்று அதிகாரத்துக்கு முன்னாலேயே வருகிறது. பெலிஸ்தரோடு சண்டை போட எபெனேசரில் பாளயமிறங்கிய இஸ்ரவேலர் முதலில் நாலாயிரம் பேரையும், அப்புறம் முப்பதாயிரம் பேரையும் பறிகொடுத்தார்கள், தேவனுடைய உடன்படிக்கைப் பெட்டியும் எதிரி கைக்குப் போயிற்று. தோற்ற கதையில் வரும் பெயரைத்தான் அந்த உதவிக் கல்லும் தாங்குகிறது. கிரகப்பிரதிஷ்டைக்கு வந்த எந்தச் சபை ஐயரும் இந்தப் பாதியைப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. அதோடு, அது "இம்மட்டும்"தான். நாளைக்கு என்ன என்று அந்தக் கல்லில் இல்லை.

நாளைக்கு என்ன என்பதற்கு நமக்கு வாக்குத்தத்த அட்டை, வரும் வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் போட்ட அட்டை, இருக்கிறதே. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம், அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். போன வருஷத்து அட்டை எங்கே, அதில் என்ன இருந்தது, அது என்ன ஆயிற்று? யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அம்மா பழைய அட்டைகளை அந்தந்த வருஷ நோட்டுக்குள் வைத்திருந்தாள்.

"வைத்திருந்தாள்" என்று ஏன் எழுதுகிறேன் என்றால், 2017இல் அம்மா இறந்த பிறகு அண்ணன் பழைய வீட்டை இடித்துக் கட்டினான். டிரங்குப் பெட்டியில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டான். எனக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. கேட்டால் "கரையான் அரிச்சது" என்றான். வீட்டில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான், நாலு கிலோ காகிதத்தைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா? பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட மட்டும்தான் ஊருக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. சரி, அது கேள்வியில் இல்லை. 1994 நோட்டு தப்பியதற்குக் காரணம், அதன் பின்னட்டையில் மாங்காய் ஊறுகாய்ப் பக்குவம் இருந்தது. அதற்காக முன்பே வாங்கி வந்திருந்தேன்.

2020 மார்ச் 25 ஊரடங்கின்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். என் கணவர் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை மூடியது, மூடியதுதான். மே மாதம் ஒரு நாள் ராத்திரி சிலிண்டர் தீர்ந்துபோயிற்று, கையில் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். ஊறுகாய்ப் பக்குவத்தைத் தவிர வேறு எதற்கும் திறக்காத அந்த நோட்டை அன்றைக்குத்தான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். காலையில் பக்கத்து வீட்டு பாய் வீட்டு அக்கா, அவர்களுக்கு ரம்ஜான் நோன்பு நேரம், தன்னிடம் இருந்த இரண்டாவது சிலிண்டரை மகனிடம் தூக்கிக் கொடுத்து அனுப்பினாள். நான் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் பேசியது கேட்டிருக்கும், தற்செயல்காரர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் மகளின் ரஃப் நோட்டில் எழுதினேன்: "ஸ்தோ. சிலிண்டர்."

வேலை திரும்பக் கிடைத்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து ஒருவரிடம் டாடா ஏஸ் ஓட்டப் போனார், இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறார். கடன் இன்னும் இருக்கிறது. சபை வாட்ஸப் குழுவில் "இரட்டிப்பான நன்மை" என்று படம் வந்தால் நான் ஆமென் போடுவதில்லை. அதற்காக என்னை அவிசுவாசி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று நாம் பாடுகிற வசனம் புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது. எருசலேம் அழிந்து கிடக்கும்போது சொன்னது அது, வேலை கிடைத்த பிறகு சொன்னது இல்லை.

அதனால் கேட்டவருக்கு: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அழகான டைரி வேண்டாம், அழகாக இருந்தால் அழகான விஷயத்தை எழுதத்தான் கை போகும். பால் கணக்கு எழுதுகிற இடத்திலேயே எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லாத நாளில் பால் கணக்கை மட்டும் எழுதுங்கள். நான் நடுவில் போனில் எழுதினேன், போன் தண்ணீரில் விழுந்து நாலு மாதம் போயிற்று.

போன மாதம் அண்ணன் கூப்பிட்டான். அவன் மகள் குடும்ப ஜெபத்தில் தாத்தாவைப் பற்றி ஏதோ கேட்டாளாம். "அப்பா இறந்த மாசத்துப் பக்கத்தை மட்டும் படம் பிடிச்சு அனுப்பு" என்றான். கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டான்.

"பால் அரை லிட்டர் ஆனது போட்டிருக்காளே."

"ஆமா."

"அது உனக்கு மட்டுந்தான்ட்டி வந்துச்சு. அம்மாவுக்கும் எனக்கும் கடுங்காப்பி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா."

நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். அதில் அது இல்லை.