நாள் முழுக்க அலைந்தும் ஒரு கிரயம்கூட முடிவதில்லை. ரியல் எஸ்டேட் ஏஜென்ட் நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி?

காலையில் வண்டியை எடுத்தால் இருட்டித்தான் வீடு திரும்புகிறேன், மாசக் கடைசியில் பெட்ரோல் காசுகூடத் தேறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்து ரொம்ப நாள் ஆகாதவர், கூப்பிடுகிற பார்ட்டிக்கெல்லாம் வீடு வீடாகக் காட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் காரைக்குடி. செட்டிநாட்டுப் பழைய வீடுகள்தான் பெரும்பாலும் கைக்கு வரும், இடையிடையே மனை. சென்னையில் அபார்ட்மெண்ட் விற்கிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம். பழைய வீடுகளை இடிப்பதற்கு நாங்கள்தான் காரணம் என்று ஒரு கூட்டம் வரும். நான் இடிக்கக் கேட்கிறவருக்கு விற்பதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

எங்கள் பக்கம் வாங்க ஆள் இல்லாமல் நின்றுபோன வியாபாரம் குறைவு. கையெழுத்துப் போட ஒரு பங்காளி வராமல் நின்றுபோனதுதான் ஏராளம். அதனால் பத்திரத்தைப் படிக்காமல் நான் யாருக்கும் வீட்டைக் காட்ட மாட்டேன். இதற்காக என்னைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. "பொம்பளைப் புரோக்கர், வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு" என்பார்கள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு வந்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் அப்படியே இருந்தன. பெங்களூரிலிருந்து ஒருவர் ஹோட்டல் ஆக்குவதற்காகக் கேட்டார், கையில் பணத்தோடு வந்திருந்தார். கூட இருந்த இன்னொரு தரகர், "டோக்கன் அட்வான்ஸ் போட்டுரச் சொல்லுங்க, மத்ததைப் பொறவு பார்த்துக்கலாம்" என்று அவசரப்படுத்தினார். நான் மறுத்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு பார்ட்டியை வேறு வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் அந்த வீட்டில் தனியாக இருந்த ஆச்சியிடம் போய் உட்கார்ந்தேன். பெண் என்பதால் இரண்டாம் கட்டு வரை போக முடியும், இது எனக்கு ஒரு வசதி. காப்பி கொடுத்துவிட்டுப் பெட்டகத்தைத் திறந்து சொத்தின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்தை எடுத்துத் தந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் வம்சாவளியை எழுதினேன். பாட்டனார் காலத்தில் மூன்று பங்கு. வளவைச் சுற்றி இருக்கிற உள்வீடுகளும் அந்தக் கணக்கில்தான் பிரிந்திருந்தன. இரண்டாவது பங்கு சுவீகாரம் வந்தவருக்கு, அவர் இருப்பது மலேசியாவில். மூன்றாவது பங்கில் இரண்டு ஆண், மூன்று பெண்.

"பொம்பளப் பிள்ளைகளுக்குத்தான் சீர் குடுத்தாச்சே, அவுக கையெழுத்து எதுக்கு?" என்றார் ஆச்சி.

சீர் வேறு, பங்கு வேறு என்று புரியவைக்க நேரம் பிடித்தது. பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போலவே மகள்களுக்கும் பங்கு உண்டு என்று 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. 2005 மத்திய சட்டத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு போய்விட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம், அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை, இது பிறப்பால் வரும் உரிமை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் கதை வேறு. நான் வக்கீல் இல்லை, வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் செய்வேன். ஆனால் எந்தக் கேள்வியோடு வக்கீலிடம் போக வேண்டும் என்பது தரகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளூரில் இருந்த இரண்டு மகள்களும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது மகள் சிங்கப்பூரில். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர், அதாவது தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு வீடு காட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலேசியாக்காரர் குடும்பத்தில் ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபது, எண்பது வயது நிறைவுக்குச் செய்வது) ஊருக்கு வந்தார். பங்காளிகள் எல்லோரும் வளவில் ஒன்றாக உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன். தையில் கிரயம் முடிந்தது. பெங்களூர்க்காரர் அதற்குள் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே திரும்பியிருந்தார். இந்த வீட்டை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்தார்.

என் நாள் எப்படிப் போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் வில்லங்கம் பார்ப்பது, அதாவது சொத்தின் மேல் முன்பு என்னென்ன கிரயம், அடமானம் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கக் காசு கிடையாது, பழைய வருஷங்களுக்கு மட்டும் மனுப் போட வேண்டும். மதியத்துக்கு மேல் போன். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நாம் இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே தூங்கப் போயிருப்பார்கள். வீடு காட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே பெரும்பாலும் யாரும் கிரயம் வைக்க மாட்டார்கள். அந்த மாசங்களில் மற்றவர்கள் டீக்கடையில் இருப்பார்கள், நான் வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், அளவை எல்லாவற்றையும் முடித்து வைத்துவிடுவேன். தை பிறந்ததும் என்னிடம் இருக்கிற வீடு தயாராக இருக்கும்.

மனைக்கு இவ்வளவு பாடு இல்லை. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து மனைக்குத்தான் போன் அதிகம். மனைப்பிரிவின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், நீங்களும் ஏஜென்ட்டாகப் பதிந்துகொள்ளுங்கள்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெங்களூர்க்காரர் பின்கட்டில் உடைந்திருந்த தரையைப் பெயர்த்துவிட்டு "ஆத்தங்குடி டிசைன்" என்று அச்சடித்த செராமிக் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். ஆத்தங்குடி இதே செட்டிநாட்டில்தான் இருக்கிறது! அங்கே இன்றும் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் தரை அது. அச்சடித்த டைல்ஸில் அது வருமா? கடைக்காரர்கள் வாய் கூசாமல் அந்தப் பெயரை வைத்து விற்கிறார்கள், கேட்பாரில்லை.

சரி, உங்கள் விஷயம். இப்போது கையில் எத்தனை சொத்து வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை இருந்தாலும், இந்த வாரம் யாருக்கும் எதையும் காட்டாமல் ஒவ்வொன்றுக்கும் வம்சாவளி எழுதிப் பாருங்கள். எதில் மகள்களின் கையெழுத்தைக் கேட்கவே கூடாது என்று விற்கிறவர் பிடிவாதம் பிடிக்கிறாரோ, அந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.