அறுகோணத் துளை போட்ட போர்சலின் விளக்குக்கூடு: மூலையில் விரிசல், வெளிச்சமும் வரவில்லை

நீங்கள் போர்சலினில், அதாவது வெள்ளைப் பீங்கான் மண்ணில், செய்த விளக்குக்கூட்டில் விரிசல் விழுகிறது, வெளிச்சமும் ஊடுருவவில்லை என்று கேட்டு அனுப்பிய படம் பார்த்தேன். விரிசல் எல்லாமே அறுகோணத்தின் மூலையில்தான் ஆரம்பிக்கிறது, கவனித்தீர்களா? காயும்போது சுருங்கும் இழுவிசை முழுக்கக் கூர்மையான மூலையில் வந்து குவியும். கத்தியால் நேராக வெட்டாதீர்கள். ஆறு மூலையிலும் முதலில் சின்ன ட்ரில் பிட்டைக் கையாலேயே திருகித் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை வெட்டுங்கள். மூலை தானாக உருண்டு நிற்கும். வெட்டிய விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் ஒரு தடவை துடைத்தால் போதும். ரொம்பத் தேய்த்தால் மண் ஊறிப்போய் வேறு தொல்லை.

வெட்டும் பதமும் முக்கியம். அழுத்தினால் வளையக்கூடாது, நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும். அதைத் தாண்டிக் காய்ந்து வெளுத்துவிட்டால் தொடாதீர்கள். வெட்டியதும் பிளாஸ்டிக் கவரால் மூடி, இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காய விடுங்கள். இல்லாவிட்டால் துளை நிறைந்த பகுதி அடிப்பாகத்தைவிட வேகமாகக் காயும்.

வெளிச்சம் வராததற்கு "இன்னும் மெலிசாக்கணுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 2 மி.மீ. போதுமே! சூளையில் சுட்ட சூடு என்று நீங்கள் எழுதிய 1200 டிகிரிதான் (செல்சியஸ்) எனக்கு இடிக்கிறது. மண்ணில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகிக் கண்ணாடியாகி, மண் துகள்களின் இடைவெளியை நிரப்பினால்தான் ஒளி ஊடுருவும். வழக்கமான போர்சலினுக்கு அது 1280 டிகிரிக்குப் பக்கத்தில். உங்கள் மண் மூட்டையில் எத்தனை டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது பாருங்கள். ஆனால் அந்தச் சூட்டில் கூடு இளகிச் சரியும், அதனால் வாயைக் கீழே கவிழ்த்து, அதே மண்ணில் செய்த வளையத்தின் மேல் வைத்துச் சுடுங்கள். இரண்டும் சேர்ந்தே சுருங்கும். ஒட்டாமலிருக்க நடுவில் அலுமினா (அந்தச் சூட்டிலும் உருகாத வெள்ளைப் பொடி) தூவ மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, சுத்தியலால் பிரித்தேன்.